பிள்ளைகளுக்கு ஆங்கில வினைச்சொல் வகைகளைக் கற்றுத்தருவது எப்படி? தமிழிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் படிக்க வருவார்கள். போன வருஷம் அவர்களில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டில் இப்படி எழுதிக்கொண்டு வந்தான்: 'மை ஃபாதர் ஆட்டோ டிரைவர்.' "இதில் வெர்ப் எங்கேடா கண்ணு?" என்று கேட்டேன். வெர்ப் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பான். எங்கே என்று கேட்டதும் நோட்டை மேலும் கீழும் பார்த்தான். "எங்க அப்பா ஆட்டோ டிரைவர். சரியாத்தானே மிஸ் இருக்கு?" என்றான்.

தமிழுக்கு அது சரிதான். 'என் அப்பா ஆட்டோ ஓட்டுநர்' என்ற வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. அது இல்லாமலே வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் நிற்காது. அந்தப் பையன் செய்தது கவனக்குறைவு இல்லை. தன் தாய்மொழியின் இலக்கணத்தை அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். அன்றைக்கே நான் பாடம் நடத்துகிற வரிசையை மாற்றினேன். தமிழில் ஏற்கெனவே இருக்கிற வகைகளை வேகமாகக் கடந்துவிடுவேன். தமிழில் இல்லாதவை எவையோ அங்கே உட்கார்ந்து நாள் கணக்கில் நேரம் செலவழிப்பேன். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில வினையில் உண்மையான மேடுகள் மூன்று: 'பி', 'ஹேவ்', 'டூ'. மூன்றும் சின்னச் சொற்கள். பாடப்புத்தகம் இவற்றுக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள்.

தொடங்கும் முன்

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். மொத்தமாக எட்டு வாரம் ஆகும். சில பிள்ளைகளுக்குப் பத்து வாரம் ஆகும், ஆகட்டும்.

பொருள் எதுவும் வாங்க வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வையுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், ஒரு தாளுக்கு ஒரு சொல் எழுத அளவு சரியாக இருக்கும். அப்புறம் ஒரு ஸ்கெட்ச் பேனா, தரையில் கோடு போட ஒரு சாக்பீஸ்.

பிள்ளைகளைவிடப் பெரியவர்களை அதிகம் குழப்புகிற ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஆக்‌ஷன், ஹெல்ப்பிங், டிரான்சிட்டிவ், இர்ரெகுலர் என்று பாடத்தில் வரிசையாக வரும்போது, இவை தனித்தனி டப்பாக்கள் என்றும் ஒரு சொல் ஒரு டப்பாவுக்குள்தான் போகும் என்றும் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. ஒரே பெண் ஒரு வீட்டில் அக்கா, பள்ளியில் டீச்சர், ரயிலில் பயணி. எந்தக் கேள்வி கேட்கிறோமோ அதற்கேற்ற பதில் வருகிறது. 'ஈட்' என்ற சொல்லும் அப்படித்தான். செயலா நிலையா என்று கேட்டால் செயல். எதையாவது ஏற்குமா என்று கேட்டால் ஏற்கும், அதனால் டிரான்சிட்டிவ். இறந்தகாலத்தில் 'எட்' ஒட்டுமா என்று கேட்டால் ஒட்டாது, அதனால் இர்ரெகுலர். மூன்று கேள்வி, மூன்று பதில், சொல் ஒன்றுதான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் "மிஸ், இது ஆக்‌ஷனா இர்ரெகுலரா?" என்ற கேள்வி வராது.

முதல் படி: செயல், அது நிற்கும் இடம்

ஆக்‌ஷன் வெர்ப் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "குதி", "ஓடு", "தட்டு" என்று தமிழில் சொல்லிச் செய்ய வையுங்கள். பிறகு 'ஜம்ப்', 'ரன்', 'கிளாப்' என்று சொல்லிச் செய்ய வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். செயல் என்றால் என்ன என்பது பிள்ளைக்கு மூன்று வயதிலேயே தெரியும்.

நேரம் தேவைப்படுவது இடத்துக்கு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து உட்காரும், ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நிற்கவைத்துப் புரியவைப்பது எளிது. மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒருத்தி கையில் 'பாட்டி', அடுத்தவன் கையில் 'இட்லி', மூன்றாமவன் கையில் 'சாப்பிடுகிறாள்'. மற்றவர்கள் வாசிக்கட்டும். இப்போது தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஆங்கிலம்: 'கிராண்ட்மா', 'இட்லி', 'ஈட்ஸ்'. யார் எங்கே நகர வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். எங்கள் மாடியில் வினைத் தாளைப் பிடித்திருந்த பையன் கடைசியிலிருந்து ஓடிவந்து நடுவில் இடித்துக்கொண்டு நின்றான். இட்லி தள்ளிப்போனது. அதற்கப்புறம் யாராவது 'கிராண்ட்மா இட்லி ஈட்ஸ்' என்று எழுதினால் மற்றவர்களே "வெர்ப் ஓடிவரணும்" என்று கத்துவார்கள்.

கூடவே இன்னொன்று. 'வந்தேன்' என்று ஒரே சொல்லில் தமிழில் முழு வாக்கியம் சொல்லிவிடலாம். யார் வந்தது என்பதை 'ஏன்' விகுதி சொல்லிவிடும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது, அதனால் ஆளைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்: 'ஐ கேம்'. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறையும் தருவதே வினை என்கிறது நன்னூல். பெரிய பிள்ளைகளிடம் இந்த ஆறையும் கேள்வியாக்கிப் பாருங்கள். தமிழ் வினைமுற்றுக்குள்ளேயே செய்பவர் ஆணா பெண்ணா என்பதுவரை தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கேம்' மட்டும் இருந்தால் வந்தது ஆளா மாடா என்றுகூடத் தெரியாது.

இங்கேதான் அந்த ஒற்றை 'எஸ்' வருகிறது. 'ஐ', 'யூ', 'வீ', 'தே' நான்குக்கும் வினை அப்படியே இருக்கும். 'ஹி', 'ஷி', 'இட்' மூன்றுக்கு மட்டும் 'எஸ்' ஒட்டும். பெயரில் 'எஸ்' ஒட்டினால் பன்மை என்று படித்த பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். நான் சொல்லித்தருவது இப்படி: வீட்டில் 'எஸ்' ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்கு இல்லை, 'டாக்ஸ் பார்க்'. பெயர் எடுக்காவிட்டால் வினைக்கு, 'தி டாக் பார்க்ஸ்'. எல்லா இடத்துக்கும் பொருந்தாது, 'சில்ட்ரன்' போன்ற சொல் வந்தால் உடைந்துவிடும். ஆனால் தொடக்கத்துக்கு இது போதும்.

இரண்டாம் படி: 'எனக்கு' என்று தொடங்கும் வினைகள்

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் லைக்கிங்', 'ஐ ஆம் வான்டிங்' என்று பேசுகிற பெரியவர்களே நம்மிடையே நிறைய. காரணம், செயலைக் குறிக்கும் வினைக்கும் நிலையைக் குறிக்கும் வினைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் காட்டாததுதான். நிலையைச் சொல்லும் வினையை ஸ்டேட்டிவ் வெர்ப் என்பார்கள். அதற்குப் பொதுவாக 'இங்' வடிவம் வராது.

எது நிலை, எது செயல் என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம் 'எனக்கு' என்று தொடங்குகின்றன. ஓடுவதும் எழுதுவதும் 'நான்' செய்வது. தெரிவதும் பிடிப்பதும் 'எனக்கு' நிகழ்வது. செயலையும் நிலையையும் தமிழ் வேற்றுமை உருபிலேயே பிரித்து வைத்திருக்கிறது. இதை முதல்முறை கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆங்கிலப் பாடத்துக்குத் திறவுகோல் தமிழுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆக, தமிழில் 'எனக்கு' என்று வந்தால் ஆங்கிலத்தில் 'இங்' போடும் முன் நின்று யோசிக்க வேண்டும். 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ வான்ட்', 'ஐ அண்டர்ஸ்டாண்ட்', 'ஐ ரிமெம்பர்'. தமிழின் 'எனக்கு' ஆங்கிலத்தில் 'ஐ' ஆகிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு விலக்குகள் உண்டு. 'எனக்குப் பசிக்கிறது' என்பது 'ஐ ஆம் ஹங்ரி' என்று அடுத்த படிக்குப் போய்விடும். 'நம்புகிறேன்' என்பதற்கு 'நான்' வந்தாலும் 'பிலீவ்' ஸ்டேட்டிவ்தான். சோதனை பத்துக்குப் பத்து வேலை செய்யாது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். விலக்கு கிடைத்தால் அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வேட்டையாடுவதுபோலத் தேடுவார்கள்.

'ஹேவ்' இங்கே முதல்முறை எட்டிப்பார்க்கும். தமிழில் 'ஹேவ்' என்பதற்கு நேர்ச்சொல் இல்லை. 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்', 'என்னிடம் பேனா இருக்கிறது', 'பஸ்ஸுக்கு இரண்டு வாசல்' என்று மூன்று விதமாகச் சொல்கிறோம். ஆங்கிலம் மூன்றுக்கும் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்ற ஒன்றையே வைத்திருக்கிறது. உடைமையைச் சொல்லும்போது அது நிலை, அதனால் 'ஐ ஆம் ஹேவிங் எ பிரதர்' தவறு. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் டின்னர்' சரி. அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது, அது செயல். சொல்லைப் பார்த்து வகை சொல்லாதே, வாக்கியத்தைப் பார்த்துச் சொல் என்று நான் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் படி: 'பி' என்ற பாலம்

இதற்கு மட்டும் ஒன்றரை வாரம் ஒதுக்குங்கள்.

'பி' வினைக்கு எட்டு வடிவம்: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். நான் படித்த பள்ளியில் இதைத் தினமும் எழுந்து நின்று ஒப்பித்தோம். ஒப்பித்ததில் தப்பே வராது, எழுதும்போது எட்டில் ஒன்றுகூட வாக்கியத்தில் வந்து உட்காராது. எங்கே தேவை என்று தெரியாத பொருளை எட்டு வடிவத்தில் கையில் கொடுத்து என்ன பயன்?

எங்கே தேவை என்று காட்ட, தரையில் சாக்பீஸால் ஒரு ஓடை வரையுங்கள். இந்தக் கரையில் 'மை ஃபாதர்' தாள், அந்தக் கரையில் 'அன் ஆட்டோ டிரைவர்' தாள். தமிழில் ஓடை கிடையாது, இரண்டும் ஒட்டியே நிற்கும், தாண்ட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஓடை உண்டு, பாலம் போடாமல் கடக்க முடியாது. பாலத்தின் பெயர் 'இஸ்'. பிள்ளையை ஒரு கரையிலிருந்து வாசித்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். பாலத் தாளை எடுத்துவிட்டால் கால் ஓடைக்குள். ஏழு வயதுத் தங்கைகள்கூட வந்து நடப்பார்கள்.

'ரசம் சூடு', 'இது என் பை', 'அவர்கள் நல்லவர்கள்', 'நாளைக்கு லீவு' என்று வீட்டில் பேசுகிற வினையில்லா வாக்கியங்களைப் பத்துப் பதினைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாலம் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் நாளெல்லாம் இப்படித்தான் பேசுகிறோம், பஞ்சமே வராது.

பாலமாக நிற்பது 'இஸ்' மட்டும் இல்லை. 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்', 'சீம்', 'பிகம்' ஆகியவையும் பாலமாகும். இவற்றைத்தான் லிங்க்கிங் வெர்ப் என்கிறார்கள். ஆனால் இவற்றில் சில, வேறு வாக்கியத்தில் செயலாகவும் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: வினையை எடுத்துவிட்டு அங்கே 'இஸ்' வைத்துப் பார். 'தி ரசம் ஸ்மெல்ஸ் குட்' என்பதில் மாற்றினால் 'தி ரசம் இஸ் குட்', பொருள் நிற்கிறது, ஆகவே பாலம். 'கிராண்ட்மா ஸ்மெல்ஸ் தி ரசம்' என்பதில் மாற்றினால் 'கிராண்ட்மா இஸ் தி ரசம்'. பாட்டி ரசமாகிவிட்டார்! அந்தச் சிரிப்பு அடங்கவே இரண்டு நிமிஷம் ஆனது. பாட்டி ரசமானால் அது ஆக்‌ஷன் வெர்ப் என்று ஒரு சிறுமி தானே விதி எழுதிக்கொண்டாள். எந்தப் புத்தகத்தின் விளக்கத்தையும்விட அவளுக்கு அது போதும்.

'இருக்கிறது' என்ற தமிழ்ச்சொல்லை 'இஸ்' என்பதற்குச் சமமாகக் கற்றுத்தர வேண்டாம். 'ரசம் சூடாக இருக்கிறது', 'ரசம் அடுப்பில் இருக்கிறது' இரண்டுக்கும் 'இஸ்' வரும். ஆனால் 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்றால் 'ஹேவ்' வந்துவிடும். 'அவர் டாக்டர்' என்பதில் 'இருக்கிறது' எங்கேயும் இல்லை, அதற்கும் 'இஸ்' வேண்டும். சமம் என்று சொல்லிவிட்டால் பிள்ளை கடைசி இரண்டிலும் மாட்டிக்கொள்ளும்.

நான்காம் படி: துணைவினை

ஹெல்ப்பிங் வெர்ப் என்றதும் 'முதன்மை வினைக்கு உதவி செய்வது' என்று விளக்குவார்கள். என்ன உதவி என்பது பிள்ளைக்குத் தெரியாது. தமிழிலிருந்து வாருங்கள். "பாயசம் சாப்பிட்டுப் பார்த்தேன். எதால் பார்த்தேன், கண்ணாலா?" இல்லை. "கண்ணாடி விழுந்துவிட்டது. யார் விட்டது?" யாரும் விடவில்லை. 'பார்', 'விடு' என்ற சொற்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் உள்ள வினைக்குத் துணையாக நிற்கின்றன. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பதில் 'ஹேவ்' அப்படித்தான் நிற்கிறது. அங்கே யாரிடமும் எதுவும் இல்லை. 'ஷி இஸ் ரீடிங்' என்பதில் 'இஸ்' பாலம் இல்லை, 'ரீடிங்' என்பதற்குத் துணை. கூடவே இன்னொரு வினை நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நின்றால் துணை, தனியாக இருந்தால் முதன்மை.

'டூ' தனிக் கதை. தமிழில் கேள்வி கேட்க ஒரு 'ஆ' போதும்: சாப்பிட்டாய், சாப்பிட்டாயா. ஆங்கிலத்தில் அந்த 'ஆ' செய்கிற வேலையை 'டூ', 'டஸ்', 'டிட்' செய்கின்றன, வாக்கியத்தின் தலைப்பக்கம் வந்து நின்றுகொண்டு. இதில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறு 'டிட் யூ ஏட்?' என்பது.

நான் ஒரு புத்தகப் பையை நடுவில் வைத்துவிடுவேன். பை மேல் 'இறந்தகாலம்' என்று எழுதிய தாள். ஒருவன் 'ஈட்', இன்னொருவன் 'டிட்'. 'யூ ஏட்' என்று சாதாரணமாகச் சொல்லும்போது பையை 'ஈட்' சுமக்கிறான், அதனால் 'ஏட்' ஆகிவிடுகிறான். கேள்வி கேட்க 'டிட்' வந்ததும் பையை அவன் வாங்கிக்கொள்கிறான். பாரம் இறங்கியவன் பழையபடி 'ஈட்' ஆக நிமிர்ந்துவிடுகிறான். ஒரு பையை இரண்டு பேர் சுமக்கத் தேவையில்லை. 'டிட் யூ ஈட்?' 'எஸ்' கதையும் இதுவேதான். 'டஸ் ஷி கோ?' என்பதில் 'எஸ்' பாரம் 'டஸ்' தோளுக்கு மாறிவிட்டது, 'கோஸ்' வேண்டாம். 'டிட் நாட்', 'டஸ் நாட்' வந்தாலும் பை கைமாறிவிடும்.

இந்தப் பை விளையாட்டை நான்கு நாள் தொடர்ந்து ஆடுங்கள். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு இரண்டாம் நாளே பிடிபட்டது. மற்ற மூன்று பேருக்கு நான்காம் நாள்.

ஐந்தாம் படி: மோடல் வினைகள்

முடியும், வரலாம், வேண்டும், கூடாது என்ற பொருளைச் சேர்க்கும் துணைவினைதான் மோடல். இது தமிழில் நிறையவே இருப்பதால் சீக்கிரம் முடியும். அடிப்படையானவை ஒன்பது: கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட். நீந்த முடியும் என்றால் 'கேன்'. உள்ளே வரலாமா என்றால் 'மே' அல்லது 'கேன்'. மழை வரலாம் என்றால் 'மே' அல்லது 'மைட்'. கட்டாயம் போக வேண்டும் என்றால் 'மஸ்ட்'. தொடக்கூடாது என்றால் 'மஸ்ட் நாட்'. போனால் நல்லது என்ற அறிவுரை 'ஷுட்'.

விதி இரண்டே இரண்டு. இந்த ஒன்பதில் எதற்கும் 'எஸ்' ஒட்டாது, 'ஷி கேன்ஸ்' கிடையாது. பின்னால் வரும் வினைக்கு 'டு' வராது, 'கேன் டு கோ' கிடையாது.

கவனம் தேவைப்படுவது 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும். 'எனக்குப் பேனா வேண்டும்' என்பது 'வான்ட்', அது மோடலே இல்லை. 'நான் போக வேண்டும்' என்பது ஆசையாகவும் இருக்கலாம், கட்டாயமாகவும் இருக்கலாம். எது என்று பிள்ளையிடமே கேளுங்கள். 'நாளைக்கு வர வேண்டாம்' என்பது 'வரத் தேவையில்லை' என்ற பொருளில் சொன்னால் 'நீட் நாட்', 'வரக்கூடாது' என்ற பொருளில் சொன்னால் 'மஸ்ட் நாட்'. ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் விருந்தாளியை விரட்டியதுபோல் ஆகிவிடும்.

பூங்கா, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி என்று சென்னையில் எங்கே போனாலும் இரு மொழிப் பலகைகள் உண்டு. 'கூடாது', 'வேண்டும்' என்று முடிகிற பலகைகளைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கீழேயுள்ள ஆங்கிலத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: எதை, யாரை

செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று தமிழ் வகுப்பில் படிப்பதுதான் இன்டிரான்சிட்டிவ், டிரான்சிட்டிவ். வினையிடம் 'எதை?', 'யாரை?' என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் டிரான்சிட்டிவ். 'ஐ' உருபைத் தேடச் சொல்லாதீர்கள். 'இட்லி சாப்பிட்டான்' என்பதில் உருபு மறைந்திருக்கும். கேள்விதான் ஏமாற்றாது.

சுவையான இடம் ஒன்று இங்கே இருக்கிறது. தமிழில் உடைந்தது, உடைத்தான் என்று இரண்டு வினை. உருண்டது, உருட்டினான். நிரம்பியது, நிரப்பினான். ஆங்கிலத்தில் 'பிரேக்', 'ரோல்', 'ஃபில்' என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல். 'தி கிளாஸ் புரோக்' என்றால் தானாக உடைந்தது, 'மை பிரதர் புரோக் தி கிளாஸ்' என்றால் தம்பி உடைத்தான். வீட்டில் டம்ளர் உடைந்த அன்றைக்கு எந்த வாக்கியத்தைச் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். யார் செய்தது என்று சொல்லாமலே தப்பிக்கலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதுவே இன்டிரான்சிட்டிவ் பற்றிய முழுப் புரிதல். 'கிவ்' போன்ற சொல்லுக்கு 'எதை', 'யாருக்கு' என்று இரண்டு பதில் வரும் என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்லிவிட்டு நகரலாம்.

ஏழாம் படி: இறந்தகாலம்

ரெகுலர் வினைக்கு 'எட்' ஒட்டும் என்பது எழுத்தில் எளிது, வாயில்தான் தகராறு. 'வாக்கெட்', 'ஜம்ப்பெட்' என்று எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். உச்சரிப்பு மூன்று விதம். கை தொண்டையில் வைத்துக்கொண்டு 'வாக்', 'ஜம்ப்', 'வாஷ்' என்று சொல்லச் சொல்லுங்கள். கடைசி ஒலியில் தொண்டை அதிராது. அங்கே 'பட்டம்' என்ற சொல்லில் வரும் வன்மையான 'ட்' சேரும்: வாக்ட், ஜம்ப்ட், வாஷ்ட். 'பிளே', 'கிளீன்', 'கால்' என்றால் அதிரும். அங்கே 'வண்டி' என்ற சொல்லில் வரும் மென்மையான 'ட்': பிளேய்ட், கிளீன்ட், கால்ட். வினையே 'டி' எழுத்தொலியில் முடிந்தால், வன்மையோ மென்மையோ, தனி அசை ஒன்று கூடும்: வான்டிட், நீடிட். தமிழில் ஒரே எழுத்தை இரண்டு ஒலியில் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

இர்ரெகுலர் வினைகளை அகரவரிசையில் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பட்டியல் இருநூறு சொல்வரை நீளும். அகரவரிசையில் அடுத்தடுத்து வரும் இரண்டு சொல்லுக்கு எந்த உறவும் இருக்காது. அழு, தொழு, உழு என்றால் அழுதான், தொழுதான், உழுதான். விழு, எழு என்றால் விழுந்தான், எழுந்தான். 'விழுதான்' என்று எந்தக் குழந்தையாவது பட்டியல் பார்த்தா திருத்திக்கொண்டது? குடும்பம் குடும்பமாகக் காதில் விழுந்து பழகியது. ஆங்கிலத்திலும் குடும்பமாகவே கொடுங்கள்.

மாறாத குடும்பம்: புட், கட், ஹிட், ஷட். மூன்று வடிவமும் ஒன்றேதான். பாட்டுக் குடும்பம்: சிங் ஸேங் சங், ரிங் ரேங் ரங், டிரிங்க் டிரேங்க் டிரங்க், ஸ்விம் ஸ்வேம் ஸ்வம். தாளம் போட்டுச் சொல்லலாம். 'ஆட்' குடும்பம்: பிரிங் பிராட், பை பாட், திங்க் தாட், கேட்ச் காட், டீச் டாட். ஊதும் குடும்பம்: நோ நியூ நோன், குரோ குரூ குரோன், த்ரோ த்ரூ த்ரோன். போய்த் திரும்பும் குடும்பம்: கம் கேம் கம், ரன் ரேன் ரன். வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால் அன்றாடம் தேவைப்படுகிற பெரும்பாலானவை வந்துவிடும்.

'கோ, வென்ட்' மட்டும் எந்தக் குடும்பத்திலும் சேராது. 'வென்ட்' முற்காலத்தில் வேறொரு வினையின் இறந்தகாலம், பிறகு 'கோ'வோடு வந்து ஒட்டிக்கொண்டது. இதைக் கதையாகச் சொன்னால் மறக்க மாட்டார்கள். பிள்ளை 'கோட்', 'ஈட்டட்' என்று எழுதினால் திட்டாதீர்கள். விதி மண்டைக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். "விதி சரி, இந்தச் சொல் மட்டும் வேறு" என்று சொல்லிச் சரியான வடிவத்தைக் காதில் போடுங்கள்.

எட்டாம் படி: எச்சம், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்

ஆறாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு வினைமுற்று, எச்சம் என்ற பிரிவு தமிழ்ப் பாடத்தில் வந்திருக்கும். முற்றுப்பெற்று வாக்கியத்தைத் தாங்கும் வினை ஃபைனைட், தாங்காதது நான்ஃபைனைட். 'ஐ லைக் ஸ்விம்மிங்', 'ஐ வான்ட் டு ஸ்விம்' இரண்டிலும் வாக்கியத்தைத் தாங்குவது 'லைக்', 'வான்ட்' மட்டுமே. நீந்துதல், நீந்த என்று தமிழில் சொல்லிக் காட்டினால் அரை மணி நேரத்தில் புரியும். சின்னவர்களுக்கு இதைத் தொடவே வேண்டாம்.

வெளியே போய்ப் பயிற்சி

மாதம் ஒருமுறை பிள்ளைகளை மெரினாவுக்குக் கூட்டிப்போகிறேன். கையில் ஆளுக்கு ஐந்து காலண்டர் தாள். கண்ணில் பட்டதைத் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. சுண்டல்காரர் மாங்காய் நறுக்குகிறார், அலை காலைத் தொடுகிறது, குதிரை களைப்பாக இருக்கிறது, தண்ணீர் உப்பு, எனக்குப் பஜ்ஜி வேண்டும். இந்த ஐந்திலேயே செயல், பாலம், நிலை மூன்றும் வந்துவிட்டன, கவனித்தீர்களா? 'தண்ணீர் உப்பு' என்பதற்குப் பாலம் போட்டார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மழை நாள் என்றால் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. படக்கதை ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் உள்ள எல்லா வினையையும் எண்ணச் சொல்லுங்கள். 'இஸ்', 'வாஸ்' இரண்டையும் விட்டுவிட்டு எண்ணினால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும் என்று பொருள்.

புரிந்ததா என்று பார்ப்பது

'கீழ்க்கண்ட வினைகளை வகைப்படுத்துக' என்று சொற்பட்டியல் கொடுக்காதீர்கள். ஒரே சொல் இரண்டு வேலை செய்கிற ஜோடி வாக்கியங்களைக் கொடுங்கள். 'ஐ ஹேவ் எ பென்', 'ஐ ஹேவ் லாஸ்ட் எ பென்'. 'ஷி லுக்ஸ் டயர்ட்', 'ஷி லுக்ஸ் அட் தி சீ'. 'ஹி இஸ் எ சிங்கர்', 'ஹி இஸ் சிங்கிங்'. 'ஐ டூ மை ஹோம்வொர்க்', 'டூ யூ நோ ஹிம்?' 'தி டோர் ஓப்பன்ட்', 'அம்மா ஓப்பன்ட் தி டோர்'. எது எந்த வகை என்பதற்கு ஒரு மதிப்பெண், ஏன் என்பதற்கு இரண்டு. வகையின் ஆங்கிலப் பெயர் மறந்துபோய் "இது பாலம் மிஸ், இஸ் வெச்சா நிக்குது" என்று எழுதினாலும் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். பெயரை அடுத்த வாரம் சொல்லிக்கொடுக்கலாம்.